குறை சொல்லாத பெண்டாட்டி

வக்கீலம்மா கோர்ட் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை. ரெடிமேட் சட்டை கம்பெனியில் செக்கிங் மேஜை வேலை. தைத்து முடிந்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, குற்றம் இருந்தால் தள்ளி வைக்க வேண்டும். மற்ற பெண்கள் தள்ளி வைப்பதோடு சரி. இவள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவாள். "இது வாசல் பக்கத்து மிஷின்ல தச்சது. அந்த அக்கா மனசு இங்க இல்ல. காலர்கிட்ட வரும்போது எப்படி இழுத்து விட்டிருக்காங்க பாருங்க. வீட்ல ஏதோ சண்டை." போய்க் கேட்டால் சண்டைதான். சூப்பர்வைசர் சாக்குச் சொன்னால் அதை நூல் நூலாகப் பிரித்துப் போட்டுவிடுவாள். அப்படி விழுந்த பெயர்தான் வக்கீலம்மா. அப்போது அவளை யாரும் அம்மா என்று கூப்பிடுகிற வயசுகூட இல்லை.

பார்க்கவும் லட்சணமாக இருப்பாள். கம்பெனிப் பையன்களுக்கு அவள்மேல் ஒரு கண் உண்டு. ஒரு கண்தான், இன்னொரு கண் தப்பித்து ஓட வாசல்மேல். மிஷின் ரிப்பேர் பார்க்க வருகிற மெக்கானிக் மட்டும் கொஞ்சம் துணிந்து பக்கத்தில் வந்தான். இல்லாத வேலைக்கெல்லாம் அந்த வரிசைக்கு வந்து நின்றான். ஒருநாள் அவன் ஒரு மிஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு முழிப்பதைப் பார்த்து, "நேத்து மாட்டும்போது அந்த ஸ்பிரிங்க தலைகீழா மாட்டிட்டீங்க" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டினான். மிஷின் ஓடியது. அவனும் ஓடினான். அதற்கப்புறம் அந்த வரிசைப் பக்கம் அவன் தலை தென்படவே இல்லை.

அவளுடைய அம்மாவுக்கு ராத்திரி பகல் இதே கவலை.

"புத்திய கொஞ்சம் மடிச்சு உள்ள வைடி. எல்லாத்தையும் வெளிய விரிச்சுப் போட்டா எவன் கிட்ட வருவான்?"

"வர்றவன் வருவான்மா."

வந்தார். மாதிரிச் சட்டைகளைக் கையால் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். அதிகம் பேசமாட்டார், கத்தரி மட்டும்தான் பேசும். வக்கீலம்மாவின் பேரைக் கேள்விப்பட்டு, என்னதான் பார்ப்போமே என்று ஒருநாள் ஒரு கைத்துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். கைத்துண்டு என்றால் சட்டைக் கைக்காக வெட்டிய துணி.

"இது யார் வெட்டினது, சொல்லு பாக்கலாம்."

அவள் விரலால் ஓரத்தைத் தடவினாள். "நீங்க இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"நீங்க வளைவுல கத்தரிய நிறுத்த மாட்டீங்க. இவர் அங்கங்க நின்னு மூச்சு வாங்கியிருக்கார்."

மாஸ்டர் துண்டை மறுபடி தாளில் சுற்றிக்கொண்டு போனார். மறுநாள் இன்னொரு துண்டோடு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் செக்கிங் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். அவர் துண்டைப் பிரிப்பார், அவள் சொல்லுவாள், அவர் மீசைக்குள் சிரிப்பார். தோற்றுத் தோற்றுப் போகிறாரே, ஆளுக்குச் சுருதி இறங்கவில்லையே என்று மற்றவர்கள் வியந்தார்கள். அவருக்கு அது தோல்வியாகவே இல்லை. தன் கை வளைவில் நிற்காது என்பதை இந்த உலகத்தில் ஒருத்தி கவனித்திருக்கிறாள். அதற்கு மேல் ஒரு ஆம்பிளைக்கு என்ன வேண்டும்?

ஒருநாள் துண்டைத் தொட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது நீங்கதான். ஆனா உடம்பு சரியில்ல உங்களுக்கு. வீட்டுக்குப் போங்க." நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் கொதித்தது. காய்ச்சல் தீர்ந்து வந்த அன்றைக்கு அவர் துண்டு ஏதும் கொண்டுவரவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லாம் தெரியுதே உனக்கு. நான் இப்ப என்ன கேக்க வந்திருக்கேன்னு தெரியலையா?"

"தெரியும். ஆனா அத நீங்கதான் கேக்கணும். அதையும் நானே சொன்னா நல்லாவா இருக்கும்?"

கேட்டார். கல்யாணம் முடிந்தது. கொஞ்ச நாளைக்கு மாஸ்டர் தரையில் நடக்கவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம், "என் பெண்டாட்டிக்குத் தலைக்குள்ள ரெண்டு மூளை" என்று பீற்றிக்கொண்டார். "அதுல ஒண்ண உனக்குக் கழட்டிக் குடுத்தா நல்லாருக்கும்டா தம்பி" என்று அவருடைய அக்கா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார்.

சம்பள வேலையை விட்டுவிட்டு இரண்டு பேருமாகக் கடை போட்டார்கள். முன் அறையில் ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலை ஒட்டி வெட்டு மேஜை. ஒரு திரை. திரைக்குப் பின்னால் இரண்டு மிஷின், இஸ்திரி மேஜை. அவர் அளவெடுப்பார், வெட்டுவார். அவள் தைப்பாள். திரை பாதி திறந்தே இருக்கும். மிஷினை மிதித்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஒரு பெரிய மனுஷர் கோட் தைக்க வந்தார். நல்ல துணி, நல்ல இடம். இவர் ஒருவருக்குப் பிடித்துப்போனால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். மாஸ்டர் சுற்றிச் சுற்றி அளவெடுத்தார். உள்ளே இருந்து பார்த்த வக்கீலம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னங்க, சாருக்கு ஒரு தோள் கொஞ்சம் எறங்கியிருக்கு பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டினா காலர் தூக்கிக்கும்."

பெரிய மனுஷர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்துக்கொண்டார். உண்மைதான். அவருக்கே தெரியாத சங்கதி. கடகடவென்று சிரித்துவிட்டார். "ஏன் மாஸ்டர், இந்தக் கடைக்கு யாரு மாஸ்டர்?"

மாஸ்டரும் சிரித்தார். இறங்கின தோளுக்குத் தகுந்த மாதிரி வெட்டினார். கோட் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திட்டவில்லை. கை ஓங்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். கோபமா என்று கேட்டால், "எனக்கென்ன கோவம்?" என்றார். நாலு வார்த்தை வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பாள், வக்கீல் இல்லையா? முதுகோடு எப்படி வாதாடுவது? அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு உயிர் பாதி போய்விட்டது. இப்படியே இந்த மனுஷர் தன் பக்கம் திரும்பவே மாட்டாரோ என்று பயந்து, சத்தம் வராமல் அழுதாள். வாரக் கணக்காக இது நடந்தது.

பிறகு ஒருநாள் ஒரு பேன்ட்டில் அவர் இடுப்பைக் கொஞ்சம் பிடித்து வெட்டியிருந்தார். அவள் பார்த்தாள், சொல்லவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், தையலுக்கு விட்ட துணியிலிருந்து இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் எடுத்து, பிடித்ததைத் தளர்த்தித் தைத்துவிட்டாள். போட்டுப் பார்த்த வாடிக்கைக்காரர், "அடடா, என்னா கட்டிங் மாஸ்டர்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

வக்கீலம்மாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிடிபடாமல் இருக்க அவள் என்ன மக்கா? பெண்ணுடைய புத்தியைப் பார்த்து ஆண் மயங்குவது நிஜம்தான். அந்தப் புத்தி அடுத்தவன் பக்கம் திரும்பியிருக்கிற வரைக்கும் மயங்குவான். அது அவன் பக்கம் திரும்பிற்றா, ஆசை அடுப்பில் தண்ணீர் ஊற்றின மாதிரி புஸ்ஸென்று அணைந்துவிடும். இதுதான் அவள் கண்டுபிடித்த கணக்கு. அம்மாவும் அன்றைக்கே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துக்கொண்டாள். பார்த்தீர்களா, புத்திசாலிகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதைச் சந்தேகப்பட அவர்களைவிடப் புத்திசாலி வேறு யாராவது வர வேண்டும். அப்படி யாரும் அந்தக் கடைக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அவள் அவரிடம் ஒரு குறை சொன்னதில்லை. அவர் கோடு கோணினால் இவள் தையலில் நேராக்கினாள். அவர் ஒரு விலாசத்தைத் தப்பாகச் சொன்னால், தலையாட்டிவிட்டு, பின்னால் போய் ஆளைச் சரியான தெருவுக்கு அனுப்பினாள். அவர் ஒரு கதையை மாற்றிச் சொன்னால் அதுதான் நடந்தது என்பது போலக் கேட்டுக்கொண்டாள். கடைக்கு நல்ல பேர் வந்தது. மாஸ்டர் கையில் ராசி இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மாஸ்டரும் நிமிர்ந்து நடந்தார், பெண்டாட்டிமேல் உயிராக இருந்தார். ஒரு பெண் பிறந்தாள். அவள் அம்மாவை உரித்து வைத்திருந்தாள், வாயும் சேர்த்து.

"ஏம்மா, அப்பா தப்பாச் சொன்னா நீ வாயே தொறக்க மாட்டேங்கற? உனக்குத்தான் தெரியும்ல?" பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலேயே மகள் கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்சதையெல்லாம் சொல்லணுமா?"

"கம்பெனில வக்கீலம்மான்னு கூப்பிடுவாங்கன்னு சொன்னியே. இங்க நீ யார் கட்சி?"

"உங்கப்பா கட்சி."

மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு தூரத்து ஊரில் குடியிருந்தாள். கடையில் மறுபடி இவர்கள் இரண்டு பேரும்தான்.

ஒருநாள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் துணியோடு வந்தார். மாஸ்டர் துணியை மேஜையில் விரித்தார். வெட்டுக்கான அளவு அட்டைகளை வைத்துப் பார்த்தார், மாற்றி வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "துணி பத்தாதுங்களே." வந்தவர் ஏமாந்து திரும்பிப் போனார். திரைக்குப் பின்னால் வக்கீலம்மா மிஷினை நிறுத்திவிட்டாள். துணி தாராளமாகப் போதும். அவர் அட்டைகளையெல்லாம் மேஜையின் வலக்கைப் பக்கமாகவே நெருக்கி நெருக்கி வைத்தார். இடக்கைப் பக்கம் பாதித் துணி வெறுமனே கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு துணி இருப்பதாகவே அவர் எண்ணவில்லை.

ஆனாலும் அவள் பழக்கப்படி சும்மா இருந்தாள். அடுத்த ஆளின் துணியில் அவர் வலப்பக்கம் கோடு போட்டு முடித்ததும், எழுந்து வந்து, "வெளிச்சம் இந்தப் பக்கம் நல்லா இருக்குங்க" என்று துணியை அப்படியே சுற்றிப் போட்டாள். கிடந்த பாதி இப்போது அவருடைய வலக்கைக்கு வந்தது. "அட, இவ்வளவு இருக்கே" என்று அவர் சந்தோஷமாக வெட்டினார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தட்டில் இடது பக்கம் இருப்பதைத் தொடாமல், போதும் என்று கை கழுவ எழுந்தார். அவள் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தட்டைத் திருப்பி வைத்தாள். மிச்சத்தையும் சாப்பிட்டார். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டார். அவள் அந்தப் பக்கமாகவே கூட நடந்தாள். சட்டையில் பாதிக்கு இஸ்திரி போட்டுவிட்டு மடித்து வைத்தார். அவர் நகர்ந்ததும் அவள் பிரித்து மறுபாதியைத் தேய்த்தாள். இடது கன்னத்தில் தாடி நின்றது. "இங்க சோப்பு ஒட்டியிருக்கு" என்று சொல்லி அவளே மழித்துவிட்டாள், ஆசைபோல.

இது பார்வைக் கோளாறாக இருக்கும், வயசாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கண் மங்கினவன் இரண்டு பக்கமும் தடுமாறுவான், இவர் ஒரு பக்கத்தை மட்டும் மறக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பயந்து பயந்து வாயைத் திறந்தாள்.

"கண்ணாடி மாத்தி ரொம்ப நாளாச்சே. ஒரு நடை டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாமா?"

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "ஏன், என் கண்ணுக்கு என்ன? வெட்டுல ஏதாவது தப்பு வந்துச்சா?"

"சேச்சே. சும்மாதான் சொன்னேன்."

"பின்ன? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

அன்றைக்கு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். தலை நரைத்துப் பேரன் பேத்தி எடுக்கப் போகிறவளுக்கு அந்த முதுகைக் கண்டு இன்னும் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். வாழ்க்கை பூராவும் ஒருவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைப்பதையே வேலையாகச் செய்தவளுக்கு, அந்த முகம் திரும்பினால் கையில் வேறு என்ன மிச்சம்? அவள் அந்தப் பேச்சை அதோடு விட்டாள்.

விட்டதோடு நிற்கவும் இல்லை. இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைத்தாள். மேஜையையே நகர்த்திச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அவருக்கு இடக்கைப் பக்கம் எதுவுமே இல்லாமல் பார்த்துக்கொண்டாள். வருகிறவர்களை வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன். மாஸ்டர் வேறு, "இந்த வயசுலதான் கை நல்லா பழகியிருக்கு, ஒண்ணுமே திருத்த வேண்டியதில்ல பாரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. ஒரு வருஷம் இப்படிப் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று.

மகளுக்குப் பிரசவம். போகாமல் இருக்க முடியாது. கடையைப் பூட்டிவிட்டு நீங்களும் வாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஒத்துக்கொண்ட வேலையெல்லாம் கிடக்கிறது, நீ போ, எனக்கென்ன என்றார். போனாள். தினமும் போனில் பேசினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. குரலுக்கு இடம் வலம் கிடையாதே.

பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்காரர் போன் பண்ணினார்.

"அக்கா, நீங்க உடனே கெளம்பி வாங்க. மாஸ்டருக்கு என்னவோ ஆகிப்போச்சு."

வந்து இறங்கியபோது கடை வாசலில் ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தான். கையில் ஒரு பேன்ட். ஒரு கால் மடித்து அடித்து, இஸ்திரி போட்டுக் கச்சிதமாக இருந்தது. இன்னொரு கால் நூல் தொங்க, வெட்டினது வெட்டினபடி கிடந்தது. மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு? எதுக்குச் சத்தம் போடுறீங்க?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். பாதி முகத்தில் தாடி மண்டியிருந்தது. சட்டையில் ஒரு கையை மாட்டியிருந்தார், மற்றொன்று முதுகுக்குப் பின்னால் தொங்கியது. உள்ளே போனால் தட்டுகள் கழுவாமல் கிடந்தன. ஒவ்வொரு தட்டிலும் பாதிச் சோறு காய்ந்திருந்தது. அவ்வளவு நாளும் அந்த மனுஷர் அரை வயிற்றோடு இருந்திருக்கிறார். வக்கீலம்மா அந்தத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மண்டையைப் படம் பிடித்தார்கள். பார்த்த டாக்டர் ஒரு பெண், மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். படபடவென்று கேள்வி, பதில் முடியுமுன்னே அடுத்த கேள்வி. மாஸ்டருக்கு அந்த டாக்டரம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது. "உன் ஜாதி இது. கண்ணுலயே தெரியுது பாரு" என்று பெண்டாட்டியிடம் குனிந்து ரகசியம் சொன்னார்.

டாக்டரம்மா தாளும் பென்சிலும் கொடுத்தாள். "அய்யா, ஒரு பூ வரைஞ்சு காட்டுங்க."

"பூவெல்லாம் நமக்கு வராதும்மா. கோட் போடட்டுமா?"

"போடுங்க."

வரைந்தார். வளைவில் நிற்காத கை. தாளின் வலது பாதியில் ஒரு காலர் மடிப்பு, மார்புப் பாக்கெட், கீழே பாக்கெட் மூடி, தோளிலிருந்து இறங்குகிற ஒரு கை, மணிக்கட்டில் பித்தான்கள்கூட. அத்தனை அழகு. இடது பாதி வெள்ளைத் தாள். பென்சிலை வைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்று பெருமையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

வக்கீலம்மாவின் கை தன்னால் போய்ப் பென்சிலை எடுத்தது. இடது பக்கத்துக் காலர் மடிப்பில் பாதி போட்டுவிட்டாள்.

"அம்மா, நீங்க வரையக் கூடாது. அவர் போட்டது அப்படியே இருக்கணும்" என்று டாக்டரம்மா தாளை வாங்கிக்கொண்டாள். வாங்கினவள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். மூளையின் வலது பக்கம் ஒரு கட்டி. மெதுவாக வளர்கிற ஜாதி, கெட்ட ஜாதிகூட இல்லை. சிறிசாக இருந்தபோதே எடுத்திருந்தால் சுத்தமாக எடுத்திருக்கலாம், அவரும் எழுந்து கத்தரியைப் பிடித்திருப்பார். இப்போது ரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டுவிட்டது. ஆபரேஷன் பண்ணித்தான் ஆக வேண்டும், ஆனால் பிழைப்பாரா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது. பிழைத்தாலும் இடது பக்கம் திரும்பி வராது. மாஸ்டர் வேறு யாருடைய படத்தையோ பார்க்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" டாக்டரம்மா வக்கீலம்மாவைப் பார்த்துதான் கேட்டாள்.

மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இருந்திருந்தா எனக்கு முன்னாடி இவளுக்குத் தெரிஞ்சிருக்கும். இவ யாரு தெரியுமா? இவ மூளையப் பார்த்துத்தான் நான் இவளக் கட்டிக்கிட்டேன். அழகான பொண்ணுங்க ஆயிரம் இருந்தாங்க, எனக்கு இவதான் வேணும்னு இருந்துச்சு. கல்யாணமான புதுசுல ஒரு தப்ப விட மாட்டா. எனக்குத்தான் வெக்கமாப் போயிடும். இப்படி ஒருத்தி கூட இருக்கறதுக்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு, அவ மூஞ்சியப் பாக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். அப்புறம் வைராக்கியமா உக்காந்து தொழிலக் கத்துக்கிட்டேன். அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் இவ வாயில ஒரு குறை வந்ததில்ல. அவளே சரின்னுட்டா, அப்புறம் ஊர்ல எவன் என்ன சொன்னா எனக்கென்ன?"

கோபம் என்று வக்கீலம்மா நினைத்த முதுகு கோபமே இல்லை. ஒரு வார்த்தை, தோளைத் தொட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். உலகத்தில் யார் யாருடைய மனசையோ ஒரு தையலைப் பார்த்துச் சொன்னவள், பக்கத்தில் படுத்திருந்தவனைத் தப்பாகப் படித்துவிட்டு, அந்தத் தப்பின்மேலேயே ஒரு வாழ்க்கையைத் தைத்திருக்கிறாள். டாக்டரம்மா பேனாவோடு காத்திருந்தாள். வக்கீலம்மா மாஸ்டரை ஒரு முறை பார்த்தாள். வெளி ஆள் ஒருவர் முன்னால், வாழ்நாளில் இரண்டாவது தடவையாக, அவரைத் திருத்தினாள்.

"ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு டாக்டர். மொத நாள்லருந்தே எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர் சிரித்தார். பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காத சிரிப்பு.

"பயத்துல ஏதோ உளர்றா டாக்டரம்மா, நீங்க எழுதாதீங்க. தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாளா?"